தீயை அடக்கும் தவிடு!

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பிளாஸ்டிக் கிரேடுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி இருக்கும். தக்காளி அதில்தான் லாரி ஏறி வெளியூர் போகிறது.

அந்தப் பிளாஸ்டிக் எதில் இருந்து வருகிறது?

பெட்ரோலும் மண்எண்ணெயும் எடுக்கிறார்களே, அதே கச்சா எண்ணெயில் இருந்துதான் பெரும்பாலான பிளாஸ்டிக் பிறக்கிறது. கெட்டியாக உறைந்த எண்ணெய் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே நெருப்புப் பட்டால் பற்றும். பற்றினால் உருகிச் சொட்டும். சொட்டிய இடமும் எரியும்.

கிரேடுக்குப் பக்கத்தில் மின்சாரம் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் வயர், டெலிவிஷன் பெட்டி, செல்போன் சார்ஜர், வாசலில் நிற்கும் மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக்கும் மின்சாரமும் ஒட்டியே இருக்கின்றன.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது தள்ளி நிற்கும் விஷயம் அல்ல. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஓசூரை அடுத்த நாகமங்கலம் பகுதியில், செல்போன் பாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் 2024 செப்டம்பர் 28-ந் தேதி பெரிய தீ விபத்து நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பு, 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

பழைய மருந்து

பிளாஸ்டிக் சுலபத்தில் எரியாமல் இருக்க, அதைக் காய்ச்சும்போதே சில ரசாயனங்களைக் கலப்பது வழக்கம். அவற்றில் பேர்போனது புரோமின் சேர்ந்த சரக்கு. அது தீயை நன்றாகவே அடக்கும். அதில் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் வந்தது. அந்தச் சரக்கில் சில வகைகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிணையாமல், சும்மா கலந்து நிற்பவை. நாளடைவில் கசிந்து வீட்டுத் தூசியில் சேர்ந்தன. தாய்ப்பாலிலேயே அவற்றைக் கண்டுபிடித்தார்கள்! பழைய வயரையும் டெலிவிஷனையும் செம்புக் கம்பிக்காகத் திறந்த வெளியில் கொளுத்துகிறவர்களின் கதி இன்னும் மோசம். அந்தப் புகையில் டயாக்சின் போன்ற கொடிய நஞ்சு இருக்கும். ஒரு வீட்டைக் காப்பாற்றிய மருந்து, குப்பை பொறுக்கும் ஏழையின் நெஞ்சில் விஷமாக இறங்குகிறது.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற உலக ஒப்பந்தத்தில், இத்தகைய சில புரோமின் சரக்குகள் 2009-ம் ஆண்டிலும், மேலும் ஒன்று 2017-ம் ஆண்டிலும் விலக்கு பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்திய அரசாங்கமும் 2018-ல் விதி வகுத்து, அவற்றில் சிலவற்றுக்குத் தடை போட்டது.

அப்படியானால் அதற்குப் பதில் என்ன?

தவிட்டின் குணம்

விஞ்ஞானிகளின் பார்வை செடிகொடிகள் பக்கம் திரும்பி இருக்கிறது.

அரிசித் தவிட்டில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. கேழ்வரகிலும் உண்டு. இது உடம்பில் இரும்புச்சத்து சேரவிடாமல் தடுக்கும். கேழ்வரகை முளைகட்டினால் இது குறையும். வயிற்றுக்கு வேண்டாத இந்தச் சரக்கு, தீக்கும் பகை. காரணம், இதன் எடையில் 100-க்கு 28 பங்கு பாஸ்பரஸ்.

சூடு ஏறியதும் பாஸ்பரஸ் தன் வேலையைக் காட்டுகிறது. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை எரியவிடாமல் கரியாக்குகிறது. மாவுச்சத்து முதலியவற்றைப் பக்குவமாகக் கூடச் சேர்த்தால், அந்தக் கரி பொரி போல உப்பும். பானைக்கு மூடி போட்ட மாதிரி அது மேலே நிற்கும். உள்ளே சூடு போகாது. உள்ளே இருந்து எரியும் வாயுவும் வெளியே வராது. தீ பட்டினி கிடந்து அணையும்!

வாழைச்சாறும் மாங்கொட்டையும்

மும்பையில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் வாழை மரத்துச் சாற்றை எடுத்துச் சோதித்தார்கள். துவர்ப்புச் சரக்கும் படிகாரமும் ஏற்றிய பருத்தித் துணியில் அதைத் தோய்த்தார்கள். சாதாரணத் துணி எரிய, காற்றில் 100-க்கு 18 பங்கு பிராணவாயு இருந்தாலே போதும். சாறு தோய்த்த துணிக்கு 30 பங்கு தேவைப்பட்டது. நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதோ 21 பங்குதான்.

அது துணி. பிளாஸ்டிக்குக்கு? அமெரிக்காவில் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப் ஹோவெல் 2019-ல் ஒரு வழி சொன்னார். பழம், கொட்டை, இலைகளில் உள்ள கேலிக் அமிலத்தோடு பாஸ்பரசைப் பிணைத்து, எபாக்சி என்ற கெட்டிப் பிசினில் அவர் சேர்த்துப் பார்த்தார். தீ தணிந்தது.

கேலிக் அமிலம் கடுக்காயில் இருக்கிறது. மாங்கொட்டைப் பருப்பிலும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்குச் சீசன் மாங்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை!

பத்து விநாடிப் பரீட்சை

ஆனால் உடனே தவிட்டை அள்ளிப் பிளாஸ்டிக்கில் கொட்டிவிட முடியாது. பிளாஸ்டிக்கை வார்க்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் செடிச் சரக்கு பலவும் கருகிவிடும். ஈரத்தையும் இழுக்கும். பல பிளாஸ்டிக்குகளில் கிலோவுக்கு 200, 250 கிராம் கலக்க நேரிடுகிறது. அவ்வளவு கலந்தால் பிளாஸ்டிக்கின் உறுதி குறையும்.

பரீட்சையும் கடினம். ஒரு பிளாஸ்டிக் துண்டை நிறுத்தித் தொங்கவிடுவார்கள். கீழே 10 விநாடி தீ காட்டி எடுப்பார்கள். 10 விநாடிக்குள் அது தானாக அணைய வேண்டும். மறுபடியும் காட்டுவார்கள். மறுபடியும் அணைய வேண்டும். கீழே பஞ்சு வைத்திருப்பார்கள். சொட்டு விழுந்து அது பற்றிக்கொண்டால் முதல் வகுப்பு கிடைக்காது. சோதனைக்கூடத்தில் சில செடிச் சரக்குகள் இதில் தேறி இருக்கின்றன. ஆலையில், மலிவு விலையில், வருஷக்கணக்கில் வெயிலும் மழையும் தாங்கித் தேற வேண்டும். அதுதான் பாக்கி.

தேறினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரிக்குள் கிளம்பும் தீயைப் பிளாஸ்டிக் உறை அணைக்காது. அது பரவுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால்தான் வேலூர் சம்பவம் நடந்த ஆண்டின் டிசம்பர் முதல் பேட்டரிகளுக்கே கடுமையான விதிகள் வந்தன. நல்ல உறை கொடுப்பது சில நிமிட அவகாசம். அந்த நிமிடங்களில் வீட்டில் தூங்குகிறவர்கள் விழித்து எழுந்து ஓட வேண்டும். சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் அப்போது வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றால், எந்தத் தவிடும் வழிவிடாது.