ஒகேனக்கல்லின் அக்கினிப் பாறை

காவிரி கர்நாடகத்து வனங்களைக் கடந்து தமிழகத்தில் அடியெடுத்து வைக்கும் ஒகேனக்கல்லில், ஆடிப்பெருக்கன்றும் கோடை விடுமுறையிலும் வெள்ளம் வடிந்து பரிசல் ஓட அனுமதி கிடைத்ததை அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலும் திரளுகின்ற ஜனக்கூட்டத்தைப் பார்த்தவர்கள், இவ்வூருக்கு இனி விளம்பரமே வேண்டியதில்லை என்பார்கள். உடம்பு முழுவதும் எண்ணெய் தேய்த்துவிடச் செய்து அருவியில் நின்று, ஆற்று மீனை வறுத்துத் தின்று, பரிசலேறிப் பாறைச் சுவர்களினூடே வளைய வந்து, மாலை பஸ்ஸில் பென்னாகரம் வழியாக ஊர் திரும்பும் யாத்திரிகருக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆயினும், இங்கே காணத்தக்கவற்றுள் மிகப் புராதனமான ஒன்றைக் காணாமலே அவர் திரும்புகிறார் என்பதும், அதைக் காட்டிச் சொல்வதற்கு இங்கே யாருமில்லை என்பதும் இந்தத் தர்மபுரி மாவட்டத்தில் வாழும் எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அந்தப் புராதனப் பொருள் ஒரு கல். பூமியின் அடியாழத்திலே உருகிய குழம்பு, மேலே கிடந்த பாறைகளின் வெடிப்புகளில் ஏறிப் புகுந்து, ஆறி இறுகியதனால் உண்டான கல். எரிமலைக் குழம்பென்றால் மணலின் மூலப்பொருளாகிய சிலிகா மிகுந்த குழம்பையே நாம் எண்ணுகிறோம். இதுவோ சுண்ணாம்பின் இனத்தைச் சேர்ந்த கார்பனேட்டுகளால் ஆனது. 1921இல் நார்வே நாட்டு அறிஞர் புரோகர் இத்தகைய கல்லுக்குக் கார்பனடைட் என்று பெயரிட்டார். ஒகேனக்கல் வட்டாரத்திலே சார்னகைட் பாறைகளைப் பிளந்துகொண்டு கிடக்கும் பைராக்சினைட் என்ற கரும்பாறைப் பட்டைகளுக்குள் இது விட்டு விட்டுத் தென்படுகிறது. பரிசலில் செல்பவரின் இருமருங்கும் உயர்ந்து நிற்கும் சுவர்களெல்லாம் இந்தக் கல்லே என்று எண்ணிவிடலாகாது. கையில் எடுத்துப் பார்த்தால் பருமணிகளாக மின்னும் வெள்ளைக் கால்சைட்டும், அதனிடையே காந்தத்தில் ஒட்டக்கூடிய கறுத்த இரும்புத்தாதுப் பொடியும் தெரியும். நீர்த்த அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துச் சீறும். இதன் வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் என்று கதிரியக்கக் கணிப்பினால் கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் அறியப்பட்ட கார்பனடைட்டுகளில் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்று. திருப்பத்தூரை அடுத்த சேவாத்தூரில் கிடைக்கும் கல்லுக்கு வயது 77 கோடி ஆண்டுகளே. ஒகேனக்கல் பாறை இறுகிய காலத்தில் மரமில்லை, மீனில்லை, புழுவுமில்லை. வளிமண்டலத்தில் பிராணவாயு சேரத் தொடங்கிய யுகம் அது.

சுண்ணாம்புக் கல் கடலடியில் படிவது என்பது எல்லோரும் அறிந்த சங்கதியாதலால், அது நெருப்புக் குழம்பாகவும் இருக்க முடியுமென்பதை நிலவியலாரே பல்லாண்டுகள் ஒப்புக்கொள்ளாமல் வாதிட்டார்கள். அந்த வாதத்தைத் தீர்த்து வைத்தது ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில், நேட்ரான் ஏரிக்குத் தெற்கே தன்னந்தனியாக ஏறக்குறைய 3,000 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஓல் டொயின்யோ லெங்காய் என்ற மலை. மசாய் மக்களுக்கு அது கடவுளின் வாசஸ்தலம். மழை பொய்த்தாலும், மகப்பேறு வாய்க்காவிட்டாலும் அவர்கள் அம்மலையை நோக்கிப் பிரார்த்திக்கிறார்கள். 1960இல் அதன் வாயினுள் இறங்கிய பாரி டாசன் என்ற இளம் விஞ்ஞானி, அங்கே பொங்கி வழிவது கார்பனேட் குழம்பே என்பதைக் கண்டு, 1962இல் உலகுக்கு அறிவித்தார். சாதாரண எரிமலைக் குழம்பின் வெப்பம் 1,100 பாகையையும் தாண்ட, இதன் வெப்பம் 600 பாகைக்குள் அடங்கிவிடுவதனால் பகலில் அது செந்தணலாக ஒளிர்வதில்லை. எண்ணெயைப் போலக் கறுத்து, மெலிந்து, விரைந்து ஓடி, காற்றின் ஈரம் பட்டதும் சில நாட்களுக்குள் வெளுத்துவிடுகிறது. இன்று உயிரோடிருக்கும் எரிமலைகளுள் இத்தகைய குழம்பைக் கக்குவது அது ஒன்றே.

அம்மலையில் ஏறுவோர் வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவிலே புறப்படுகிறார்கள். நிழல் தர ஒரு மரமில்லாத, சாம்பல் சரியும் செங்குத்துச் சரிவில் கையும் காலும் ஊன்றி ஏறி, சூரியோதயத்துக்குச் சிகர விளிம்பை அடைகிறார்கள். முன்பெல்லாம் மலைவாய் குழம்பினால் நிரம்பி மேடையாக இருந்தபடியால், அதன்மேல் நடந்து திரிவதுகூட இயன்றது. 2007இல் மலை சீற்றங்கொண்டு வெடித்துச் சாம்பலை வானளாவ எறிந்த பிறகு, அங்கே ஆழ்ந்த குழி ஒன்றே எஞ்சியது. அதன் குழம்பு சோடியம் மிகுந்தது. ஒகேனக்கல் கல் கால்சியம் மிகுந்தது. அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அங்கே சிகரத்தில் நேற்று வழிந்தது. இங்கே நிலத்தினடியில் இறுகி, மேலே கிடந்த பாறைக் கனமெல்லாம் கோடானுகோடி ஆண்டுகளில் தேய்ந்து கரைந்தபின் ஆற்றங்கரைக்கு வெளிப்பட்டது.

நம் நாட்டில் அக்கினி மலை எதுவென்று கேட்டால் திருவண்ணாமலை என்ற விடையே எவர் வாயிலும் வரும். அடிமுடி காணவொண்ணாத ஜோதியாகப் பரமன் நின்ற தலம் என்ற ஐதீகமும், கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயரச் சிகரத்தில் எரியும் நெருப்பும், 14 கிலோமீட்டர் கிரிவலமும் அந்த விடைக்குப் போதிய நியாயங்கள். ஆனால் அண்மைக் காலத்திலே பக்தர் சிலர், அம்மலை அவிந்துபோன எரிமலையே என்று சொல்லி, ஐதீகத்துக்கு விஞ்ஞானச் சான்று தேடியதாக நினைக்கிறார்கள். நிலவியலார் அதை எரிமலையாகக் கொள்வதில்லை. கொள்ளாததனால் அருணாசலத்துக்குக் குறைவென்ன? வெறுங்காலோடு கற்படிகளில் ஏறிச்செல்லும் அடியார் தேடும் ஜோதி வேறு; பாறையில் ஆராயப்படும் அக்கினி வேறு. ஒகேனக்கல்லிலும் பிரம்மதேவன் யாகம் செய்தானென்றும், அருவி வீழும் மடுவே யாக குண்டமென்றும் ஊரார் சொல்வார்கள். அக்கதையின் பக்கத்திலேயே மெய்யான அக்கினிப் பாறை கிடக்கிறது; அதைச் சொல்வதனால் கதையும் கெடாது, தேசநாதேசுவரர் சந்நிதியில் ஏற்றும் கற்பூரமும் அணையாது. இரண்டையும் அறிந்த பிள்ளை, ஒன்றை மட்டும் அறிந்த பிள்ளையைக் காட்டிலும் பாக்கியசாலி என்றே நான் கருதுகிறேன்.

கல்லைப் பற்றிய அறிவு பொழுதுபோக்கன்று என்பதைத் தர்மபுரி மாவட்டத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள பாறைகளின் கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, தலைமுறை தலைமுறையாகப் பல்லில் பழுப்புக் கறையையும் எலும்பில் வலியையும் கொடுத்தது. அதனால்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. தன் கிணற்று நீர் ஏன் தன்னை முடமாக்கிற்று என்பதை ஒரு கிராமத்தான் அறியவேண்டுமானால், அவன் முதலில் தன் காலடிக் கல்லை அறியவேண்டும்.

2022இல் இவ்வட்டாரத்துக் காடுகளை உள்ளடக்கிக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைக்கும் ஆற்று நீர்நாய்க்கும் கிடைத்த அபயம் பாறைக்கும் கிடைக்க வேண்டும். பரங்கிமலைச் சார்னகைட்டும், திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்களும், பெரம்பலூர் பக்கத்துக் காரைப் படுகைகளும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. அந்த வரிசையில் ஒகேனக்கல் கார்பனடைட்டும் இடம்பெற வேண்டும். அருமண் தனிமங்களுக்காக உலகமெங்கும் இவ்வகைப் பாறைகளைத் தோண்டிவரும் இக்காலத்தில், காக்கவேண்டிய இடங்களை முன்னதாகவே குறித்து வைப்பதே விவேகம்.

அதற்கெல்லாம் காலம் ஆகலாம்; மாவட்ட நிர்வாகம் நாளையே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. பரிசல் துறையில், எல்லோரும் தொட்டுப் பார்க்கும்படி ஒரு கார்பனடைட் கல்லை மேடையிட்டு வைத்து, தமிழிலும் கன்னடத்திலும் அதன் வரலாற்றை எழுதலாம். பிறகு பரிசலோட்டிகளுக்குப் பயிற்சி அளிக்கவேண்டும். இந்த ஆற்றின் சுழியையும் பாறையையும் அவர்களைப் போல் அறிந்தவர் எவருமில்லை. வெள்ளத்தால் பரிசல் நிறுத்தப்படும் நாட்களில் அவர்களுக்கு வருமானமில்லை. அந்நாட்களையே பயிற்சி நாட்களாக்கி, அவற்றுக்கு நாட்கூலியும் கொடுத்து, எந்தப் பாறை எது, எப்போது, எப்படி உண்டாயிற்று என்பதைக் கல்லூரி நிலவியல் ஆசிரியர்கள் அவர்களோடு கரையில் நடந்து கற்பிக்கட்டும்.