இடம் விட்டால் ஆபத்து

பள்ளி நோட்டில் சமக்குறியின் இருபுறமும் இடம் விட்டு எழுதினால் கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும். யுனிக்ஸ் ஷெல்லுக்குப் பிடிக்காது. 1979ல் வெளிவந்த ஸ்டீபன் பார்னின் ஷெல் முதல் இன்றைய பாஷ் வரை இதில் மாற்றமில்லை: வேரியபிளின் பெயர், சமக்குறி, மதிப்பு மூன்றும் ஒட்டியே நிற்க வேண்டும். பெயரை அடுத்து இடம் விட்டால், பெயரையே கட்டளையாக நினைத்துத் தேடும். சமக்குறியை அடுத்து விட்டாலோ மதிப்பு கட்டளையாகிவிடும், வேரியபிள் காலி. 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று முனகிவிட்டு ஷெல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

வினை அங்கேதான். அந்த வரி, 'இந்த வேரியபிள் காட்டும் டைரக்டரிக்குள் இருப்பதையெல்லாம் அழி' என்றிருந்தால்? பெயர் மறைந்து சாய்கோடு மட்டும் மிஞ்சும். டிஸ்க்கின் உச்சியிலிருந்து, உங்களுக்கு அனுமதியுள்ள அத்தனை ஃபைல்களும் காலி. 2015ல் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில், வேறு காரணத்தால் ஒரு வேரியபிள் காலியாகி, இதேபோல் ஃபைல்கள் பறிபோயின.

ஸ்கிரிப்டின் முதலில் 'செட் -யு' என்று எழுதுங்கள். மதிப்பே பெறாத வேரியபிளைக் கண்டதும் ஷெல் நின்றுவிடும். ஆனால் ஸ்டீமில் நடந்ததுபோல் வெற்று மதிப்பு ஏறியிருந்தால் இதுவும் காப்பாற்றாது. அழிக்கும் வரியில், சுருள் அடைப்புக்குள் பெயரையடுத்து கோலனும் கேள்விக்குறியும் போட வேண்டும்.