பெயிண்ட் அடித்தால் பாவமா?

போன பொங்கலுக்குப் பதினொரு பேருக்குத் துணி அஞ்சலட்டை அனுப்பினேன். எல்லாம் என் கையால் செய்தவை. பத்து போய்ச் சேர்ந்தன. சேர்ந்தவர்களில் ஒருவர் என்னோடு வேலை பார்த்த தையல் ஆசிரியை. அவரும் ஓய்வு பெற்றவர்தான். மாட்டுப்பொங்கலன்று மாலை தொலைபேசியில் கூப்பிட்டார். நன்றி, நலமா எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“என்ன டீச்சர் இது? தாமரைக்கு நூலே இல்லையே. இதழ் முழுக்கப் பெயிண்ட்டை அடிச்சிட்டு ஓரத்துல மட்டும் நாலு தையல் போட்டிருக்கீங்க. நூலால நிரப்ப வேண்டிய இடத்தைப் பெயிண்ட்டால நிரப்பினா அது ஏமாத்து வேலை இல்லையா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், அந்த வாக்கியம் என்னுடையது. இருபத்தெட்டு வருஷம் வகுப்பில் நான் சொன்னதை அவர் அப்படியே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, பழைய எனக்கும் சேர்த்துத்தான்.

துணி அஞ்சலட்டை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஆறு அங்குலம் நீளம், நாலு அங்குலம் அகலம். மேலே படம் போட்ட துணி, நடுவில் சட்டைக் காலருக்கு வைக்கிற பக்ரம், பின்னால் விலாசம் எழுத ஓர் அட்டைத்தாள். துணிமேல் தபால் தலை ஒழுங்காக ஒட்டாது, அதனால்தான் தாள். மூன்றையும் சேர்த்து ஓரத்தில் நெருக்கமாகக் காஜாத் தையல். மெஷின் இருப்பவர்கள் ஜிக்ஜாக் அடித்துவிடலாம். 50 காசு அஞ்சலட்டைக் கணக்கில் இது போகாது. தடிமன் அதிகம். ஐந்து ரூபாய்த் தலை ஒட்டிக் கடிதமாகத்தான் அனுப்புகிறேன். துணிக்குச் செலவில்லை. கிழிந்த வேட்டி, காடாத் துணி, தையற்கடையில் கேட்டால் கொடுக்கிற ரவிக்கை வெட்டுத்துண்டு, இவை போதும்.

சரி, குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நூல் வேலையில் வண்ணம் கலக்கக் கூடாது என்பது எந்த ஊர்ச் சட்டம்? நம் ஊரில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. கும்பகோணத்துக்காரர்கள் அதிகத் தூரம் போக வேண்டாம், கொள்ளிடத்தைத் தாண்டினால் கோடாலிகருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்குச் சேலை போன ஊர். தறியில் சரிகையை ஊடே கொடுத்து நெய்வார்கள். பிறகு அதே துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவார்கள், கையால் தீட்டுவார்கள். நெசவு பாதி, ஓவியம் பாதி. அரச குடும்பத்தார் அதைக் கட்டிக்கொண்டு சபையில் உட்கார்ந்தார்கள். ஏமாற்று வேலை என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. அந்தக் கைவழியில் மிஞ்சிய கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெளிநாட்டுக் கதை வேண்டுமா? சுமார் இருநூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிக்கூடப் பெண்கள் பட்டுத்துணியில் படங்கள் தைத்தார்கள். மரம், உடை, புல்வெளி எல்லாம் பட்டு நூல். முகமும் ஆகாயமும் மட்டும் நீர்வண்ணம். கண்ணும் உதடும் நூலில் நயமாக வராது என்று தெரிந்து தூரிகையை எடுத்தார்கள். இன்றைக்கு அவை அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

அப்படியானால் இந்த விதி எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அந்த வழியில் வந்தவள். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் எழுதித் தேறியவள். தேர்வு என்றால் மதிப்பெண் போட வேண்டும். அழகுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? தையல் ஒரே அளவில் இருக்கிறதா, நூல் இடைவெளி இல்லாமல் நிரம்பியிருக்கிறதா, திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் முன்பக்கம் போலச் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தால் சுலபமாகப் போட்டுவிடலாம். மதிப்பெண் போட வசதியாக இருந்தது காலப்போக்கில் கலையின் இலக்கணமாகிவிட்டது. நாங்களும் அதை வேதமாக ஓதினோம்.

அந்த வேதத்துக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

1986 என்று நினைவு. எட்டாம் வகுப்பு. கைக்குட்டையில் செம்பருத்திப்பூ போட்டுவரச் சொன்னேன். ஐந்து இதழையும் சிவப்பு நூலால் அடைத்துத் தைக்க வேண்டும். நாலாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் கொண்டுவந்த கைக்குட்டையில் இதழ்கள் தைக்கப்படவில்லை. குங்குமத்தைக் கஞ்சியில் குழைத்துப் பூசியிருந்தாள். ஓரத்தில் வண்ணம் கொஞ்சம் கசிந்திருந்தது. இதழ்களின் நரம்பு மட்டும் சிவப்பு நூலில் ஒற்றை ஓட்டுத் தையல். நடுத்தண்டுக்கு மஞ்சள் நூல், நுனியில் ஐந்தாறு முடிச்சுத் தையல்.

அதை நான் வகுப்பில் தூக்கிக் காட்டினேன். “இது தையலா, கோலமா?” என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பத்துக்கு மூன்று போட்டேன். ஐந்து இதழை அடைக்க எத்தனை கண்டு நூல் வேண்டும், ஒரு கண்டு நூல் என்ன விலை, அவள் வீட்டில் அது முடியுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க அவள் சொன்னதை மட்டும் செய்தாள். பட்டன் தைக்கச் சொன்னால் பட்டன், ஓரம் மடிக்கச் சொன்னால் ஓரம். பூ போடவே இல்லை.

நூலால்தான் நிரப்ப வேண்டும் என்ற விதி, நூல் வாங்க முடிந்தவர்களுக்கான விதி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. ஞானம் வந்து தெரிந்துகொண்டேன் என்று பெருமை பேசவில்லை. இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை ஆகி, விரல் மூட்டு வீங்கி, ஒரு இதழை அடைப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்ட பிறகுதான் தூரிகையை எடுத்தேன். என்னால் முடியாமல் போன பிறகுதான், முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

தூரிகையை எடுத்த பிறகுதான் தெரிந்தது, இது குறுக்குவழி இல்லை என்று. முதலில் வண்ணத்தைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பழைய மல் துணியில் தீட்டினேன். இழை வழியே ஓடி, தாமரை பூசணியாகிவிட்டது. கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் முக்கியெடுப்பது எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. பாலின் கொழுப்பு வண்ணத்தை ஓடவிடாது. நான் சாதக்கஞ்சி போட்டு இஸ்திரி செய்து பார்த்தேன். வண்ணம் நின்றது. ஆனால் மழைக்காலத்தில் மேஜை டிராயரில் வைத்த இரண்டு அட்டைகளைக் கரப்பான் தின்றுவிட்டது. இப்போது கஞ்சியை மெலிதாகப் போடுகிறேன், செய்ததைச் சேர்த்து வைக்காமல் அனுப்பிவிடுகிறேன்.

அடுத்து, இளக்காமல் தடிமனாகப் பூசினேன். காய்ந்ததும் துணி தோல் மாதிரி ஆகிவிட்டது. ஊசி இறங்க மறுத்தது. தப்பாகக் குத்திப் பிரித்தால் ஓட்டை அப்படியே நின்றது. வெறும் துணியில் பிரித்துத் தைத்தால் தடம் மறைந்துவிடும், பெயிண்ட் மறைக்காது. எது ஏமாற்று வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறகு தலைகீழாகச் செய்து பார்த்தேன். முதலில் வெள்ளை நூலில் தையல், அதற்கு மேல் வண்ணம். மேடான இழை ஒரு மாதிரியும் பள்ளமான துணி ஒரு மாதிரியும் வண்ணத்தை இழுத்தன. மகாமகக் குளத்தில் சாயங்கால வெயில் விழும்போது தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி வந்தது. அதை நூலால் மட்டும் என்னால் செய்திருக்க முடியாது, பெயிண்ட்டால் மட்டும் செய்திருக்கவும் முடியாது. ஈர வண்ணத்தில் கல் உப்பு தூவினால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகத் திட்டு விழும். அதைச் சுற்றி நாலு முடிச்சுத் தையல் போட்டால் வேப்பம்பூ உதிர்ந்த தரை. தீட்டியது காய்ந்ததும் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். அப்போதுதான் வண்ணம் பிடிக்கும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோணலாகப் போன தையலை மறைப்பதற்காக மேலே பெயிண்ட்டை அப்பினால் அது தப்புத்தான். திருபுவனம் பட்டு வெட்டுத்துண்டின் மினுக்கை அப்படி மூடி நானே இரண்டு துண்டுகளைக் கெடுத்திருக்கிறேன். நூல் செய்ய வேண்டிய வேலையை வண்ணம் சோம்பேறித்தனமாகப் பிடுங்கிக்கொண்டால் குறை சொல்லுங்கள். ஆனால் வண்ணம் இருப்பதே குறை என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு தரப்பு இருக்கிறது. அவர்கள் திட்டுவதில்லை, பாராட்டுகிறார்கள். “இவ்வளவு நல்லா இருக்கே, கவரில் போட்டு அனுப்பக் கூடாதா? அழுக்காயிடுமே.” “சட்டம் போட்டு விற்கலாமே மாமி.” “ஆன்லைன்ல கிட் வருது, கோடு போட்டே கொடுத்துடறான், நம்பர்படி பெயிண்ட் அடிச்சாப் போதும்.” இவர்களுக்கும் ஒரு வார்த்தை. அஞ்சலட்டை பிறந்தது 1869இல், ஆஸ்திரியா-ஹங்கேரியில். நம் நாட்டுக்கு வந்தது 1879இல், காலணா விலையில். எல்லாரும் படிக்கும்படி மூடாமல் அனுப்புவதா என்று அப்போதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. மூடாமல் போவதுதான் அதன் குணம். என் அட்டைமேல் விழுகிற கறுப்பு முத்திரையும் பையில் உரசிய அழுக்கும் அது வந்த வழியின் அடையாளம். சட்டத்துக்குள் போட்டால் அது எனக்காக மாட்டிய படம். தபாலில் போட்டால்தான் இன்னொருவருக்கானது. கிட் வாங்கினால் தவறே வராது. தவறு வராத இடத்தில் நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஓடிப்போன வண்ணம்தான் எனக்குக் கடுக்காயின் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தது.

என் தோழிக்கு இன்னொரு அட்டை அனுப்பியிருக்கிறேன். செம்பருத்தி. இதழ்களுக்குக் குங்குமச் சிவப்பில் வண்ணம், நரம்புக்கு ஒற்றை ஓட்டுத் தையல், தண்டுக்கு மஞ்சள், நுனியில் முடிச்சு. ஓரத்தில் கொஞ்சம் கசிந்திருக்கிறது, திருத்தவில்லை. பின்னால் ஒரே வரி எழுதினேன்: “இது என் யோசனை இல்லை, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது, நான் அவளுக்குப் பத்துக்கு மூன்று போட்டேன்.” தோழியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் முதல் அட்டை அவளுக்குத்தான் போயிருக்கும். இப்போது அவளுக்கும் ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ துணியில் பெயிண்ட்டைக் கொட்டி, மேலே நூலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால், “இது என்ன தையல்?” என்று கேட்காதீர்கள். பீரோவிலிருந்து ஒரு பழைய வேட்டியை எடுத்துக் கிழித்துக் கொடுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதீர்கள்.