கசிவைக் கண்டறிதலும் கைத்திறனே

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகக் காந்தலூருக்குச் செல்வோர், அடிவாரத்தில் வாங்கிய தின்பண்டப் பொட்டலம் மலைமீது உப்பியிருப்பதைக் கண்டிருப்பர். காந்தலூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. கடல் மட்டத்தில் 29.92 அங்குலப் பாதரசம் எனக் கணிக்கப்படும் காற்றழுத்தம், அவ்வுயரத்தில் சுமார் 24.9 அங்குலமாகக் குறைகிறது. பொட்டலத்தில் ஊசித்துளை ஒன்று இருப்பின் அது உப்புவதில்லை. இவ்வெளிய உண்மையே விமானியின் உயிரைக் காப்பதும் ஆகும்.

இதே இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். செவிப்புலனும் பேச்சும் இல்லாத அவர், தம் கைப்பட அமைத்த இலகு விமானம் 2014 ஆம் ஆண்டில் பறந்தது. இத்தகைய முயற்சிகளைப் பாராட்டுவோர் இறக்கையையும் இயந்திரத்தையுமே நோக்குகின்றனர். கருவிப் பலகைக்குப் பின்னால் ஓடும் மெல்லிய குழாய்களை எண்ணுவோர் சிலரே.

முன்னோக்கி நிற்கும் பீட்டோ குழாய் எதிர்க்காற்றின் அழுத்தத்தை ஏற்கிறது. விமானத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு துளை சூழ்காற்றின் நிலையழுத்தத்தை ஏற்கிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை வேகமானியும், நிலையழுத்தத்தை மட்டும் உயரமானியும் காட்டுகின்றன. பீட்டோ குழாய் கசிந்தால் வேகம் குறைவாகத் தோன்றும். நிலையழுத்தக் குழாய் கசிவதோ அதனினும் கொடிது. பறக்கும்பொழுது விமானியின் அறையிலுள்ள அழுத்தம் வெளியழுத்தத்தினும் பெரும்பாலும் சற்றுக் குறைந்திருக்கும். ஆதலின் உயரமும் வேகமும் உள்ளதினும் மிகுதியாகத் தோன்றும்.

தெளிந்த வானில் தாழப் பறக்கும் சிறு விமானத்திற்கு இத்துணைக் கவலை எதற்கு என்று சிலர் வினவுவர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. தரையிறங்குகையில் வேகம் போதுமென்று கருவி பொய்யுரைத்தால், இறக்கை தன் தாங்குதிறனை இழக்கும். அதைத் திருத்திக்கொள்ள உயரம் இராது.

சோதனை எளியது. அமெரிக்க விதிகளின்படி, உயரமானி 1,000 அடி கூடுதலாகக் காட்டும்வரை நிலையழுத்தக் குழாயிலிருந்து காற்றை மெல்ல உறிஞ்சி, குழாயை இறுக அடைத்தல் வேண்டும். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கலாகாது. அவ்வேளை பீட்டோ குழாயையும் அதே உறிஞ்சலுடன் இணைத்து வைத்தால் வேகமானி பழுதுறாது. பீட்டோ குழாய்க்குத் தனியே மணிக்கு 150 கடல் மைல் காட்டும்வரை அழுத்தம் ஏற்றி அடைத்தபின், ஒரு நிமிடத்தில் 10 கடல் மைலுக்கு மேல் குறையலாகாது. அவ்வழுத்தம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் நீர்மட்ட வேறுபாடே. பள்ளி ஆய்வுச்சாலையின் யு வடிவக் குழாயே அதனை அளக்கப் போதும். வேகமானியின் அளவுகோல் சிறிதாயின் அதற்குட்பட்டே அழுத்தம் ஏற்றுக. வாயால் ஊதுதல் கூடாது, கருவி கெடும்.

கசிவு தெரிந்தால் எல்லா இணைப்புகளையும் ஒருசேர முறுக்குவது அறிவீனம். குழாயை நடுவில் அடைத்து எப்பாதியில் கசிகிறதெனக் காண்க. அப்பாதியை மீண்டும் பிரிக்க. இறுதியில் கருவிகளைக் கழற்றிவிட்டு, குழாயில் மட்டும் சிறிதளவு அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். உறிஞ்சும்போது குமிழி எழாது என்பதை மறத்தலாகாது. இறுகிய ரப்பரும் வெடித்த திருகுமூடியுமே பெரும்பாலும் குற்றவாளிகள்.

சோதனைக்காக ஒட்டிய நாடாவை அகற்றுதலும் சோதனையின் பகுதியே. 1996 அக்டோபர் 2 அன்று, கழுவும்பொழுது நிலையழுத்தத் துளைகள்மீது ஒட்டிய நாடா அகற்றப்படாமையால், லிமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு விமானம் பசிபிக் கடலில் வீழ்ந்து 70 பேர் மாண்டனர். அது கசிவன்று, அடைப்பு. எனினும் கருவியின் பொய் ஒன்றே.

எனவே, ஒருவர் சோதிக்க, மற்றொருவர் அளவைப் படித்து ஏட்டில் பதிதல் நன்று. விமானம் கட்டாத மாணவருக்கும் இப்பயிற்சி பயனுடையது. “கசியவில்லை” என்பது நம்பிக்கை. “ஒரு நிமிடத்தில் இவ்வளவே குறைந்தது” என்பதே விஞ்ஞானம். இவ்வேறுபாட்டை வகுப்பறையில் ஒரு ரப்பர் குழாயையும் சிறிது நீரையும் கொண்டு ஆசிரியர் உணர்த்திவிடலாம்.