தேசாந்தரம் போன நளபாகம்

முதியவர்கள் இன்னமும் மௌபரீஸ் ரோடு என்றே வழங்கிவரும் டி.டி.கே. சாலையில், ஆழ்வார்பேட்டை எல்லைக்குள் மாலை வேளையில் காலாற நடந்து போகிறவர், சீனம், தாய்லாந்து, இத்தாலி, பஞ்சாப், செட்டிநாடு என்று பல தேசங்களையும் பிராந்தியங்களையும் பெயர்ப்பலகைகளிலேயே தரிசித்துவிடலாம். இவற்றுள் சீனப் பெயர் தாங்கிய எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும், ஷாங்காயிலோ சிங்கப்பூரிலோ சில வருஷங்கள் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஒருவர் பக்கத்து மேஜையில் அமர்ந்து, தமக்கு முன்னால் வைக்கப்பட்ட கோபி மஞ்சூரியனைக் கரண்டியால் புரட்டிப் பார்த்து, இது அசல் சீன உணவே அல்லவென்றும், சீனாவில் ஒருவனும் இதைக் கண்டதில்லையென்றும் தம் குடும்பத்தாருக்கு உபந்நியாசம் செய்துகொண்டிருப்பது நமது பேட்டையில் நித்தியப்படி நிகழும் காரியமாகிவிட்டது. அவர் சொல்வது முற்றிலும் உண்மை. ஆயினும் அவ்வளவு பிரயாசைப்பட்டுச் சொல்லத்தக்க உண்மைதானா என்பதே என் சந்தேகம்.

ஹோட்டல் உணவு என்பது எந்தக் காலத்திலும் எந்தத் தேசத்திலும் ஒரு ஜனசமூகத்தின் இல்லத்து உணவாக இருந்ததில்லை. சொந்த ஊரில் நிலமோ வேலையோ கிடைக்காமல், அல்லது கிடைத்தது போதாமல், கடலோ மலையோ தாண்டிப் போன சிலர், தமக்குத் தெரிந்த கைத்தொழிலை, போன இடத்தில் அகப்பட்ட சாமான்களைக் கொண்டு, அவ்விடத்தாரின் நாக்குக்கும் பணப்பைக்கும் இசையும்படி மாற்றியமைத்து நடத்திய ஜீவனோபாயமே அது. ஆகையால் லண்டனில் இந்திய உணவு ஒரு மாதிரியாகவும் கோலாலம்பூரில் இன்னொரு மாதிரியாகவும் இருப்பதற்குக் காரணம் தேடுகிறவர், அந்தந்த ஊரின் அடுப்பையும் மசாலா டப்பாவையும் ஆராய்வதற்கு முன்னால், அங்கே வந்து இறங்கினவர்கள் யார், எந்த நிர்ப்பந்தத்தின் பேரில் இறங்கினார்கள் என்பதை விசாரிப்பது நலம்.

திருஷ்டாந்தம் தேடிக் கடல் கடக்க வேண்டியதுமில்லை. மதராஸின் பூர்விகச் சொத்தாக நாம் பாவிக்கும் ஹோட்டல் டிபனே பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சரக்குதான். உடுப்பிப் பிரதேசத்திலிருந்து இளம் வயதில் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து, சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கி உயர்ந்த கே. கிருஷ்ணராவ், 1938ஆம் ஆண்டில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தார். 1962இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில் அவர் ஏற்படுத்திய டிரைவ்-இன், 2008இல் மூடப்படும் வரையில், காருக்குள் அமர்ந்தபடியே காபி குடிக்க வந்த கனவான்களுக்கும், ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் பேசித் தீர்த்த எழுத்தாளர்களுக்கும், பையைத் தூக்கிக்கொண்டு அலையும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கும் பொதுவான புகலிடமாக விளங்கியது. அவ்விடம் இப்போது செம்மொழிப் பூங்காவாக இருக்கிறது. உடுப்பிச் சாம்பாரின் தித்திப்பைக் கண்டு அக்காலத்து மயிலாப்பூர் கிருஹிணிகள் முகம் சுளித்திருக்கவும் கூடும். அவர்களுடைய பேரன்மார் இன்று அதே ருசியை நினைத்து, அசல் மதராஸ் சாம்பார் போய்விட்டதே என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

சீனச் சமையல் நம்மிடம் வந்து சேர்ந்த வழியும் இத்தகையதே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி நதிக்கரையில் சர்க்கரை ஆலை வைத்த அச்சியூ என்னும் சீனரின் பெயரால் அச்சிப்பூர் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் வந்தவர்களில் ஹக்கா வகுப்பினர், உயர்ந்த ஜாதியார் தொடத் தயங்கிய தோல் பதனிடும் தொழிலைத் தாங்ரா என்னும் இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தோல் தொட்டிகளின் பக்கத்திலேயே காலக்கிரமத்தில் சாப்பாட்டுக் கடைகளும் எழுந்தன. தங்கள் ஊர்ச் சரக்கு இங்கே கிடைக்காதபோது, கிடைத்த பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, மக்காச்சோள மாவு ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் காரியத்தை நடத்தினார்கள். கல்கத்தாவில் பிறந்து பம்பாய்க்குப் போன நெல்சன் வாங் என்பவர், 1975இல் அங்குள்ள கிரிக்கெட் கிளப்பில், புதிதாக ஏதேனும் வேண்டுமென்று கேட்ட ஒருவருக்காக, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலா விழ வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றிக் கோழியைப் புரட்டிக் கொடுத்ததே மஞ்சூரியன் என்பது அவர் சொல்லிவந்த விருத்தாந்தம். மஞ்சூரியாவுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது என்பது எல்லோரும் சொல்லிச் சலித்துப்போன ஹாஸ்யம், அதை விட்டுவிடுவோம்.

எனக்கு ரசமாகத் தோன்றுவது வேறொன்று. சீனக் குடும்பங்களில் ஆளுக்கொரு கிண்ணத்தில் வெறும் சாதத்தை வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் பல பதார்த்தங்களிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். நமக்கோ சாதம் என்று ஒன்று இலையில் விழுந்தால் அதன் மேல் குழம்பு என்று ஒன்றும் விழுந்தாக வேண்டும். ஆகவேதான் நமது ஹோட்டல் சிப்பந்தி, சீனாவில் எவரும் கேட்டறியாத "டிரையா, கிரேவியா?" என்னும் கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்; அவ்வொரு கேள்வியில், பொரித்த காலிஃபிளவர் ஒரு பக்கம் மாலை நேரத்துப் பஜ்ஜியாகவும், மறு பக்கம் பருப்புருண்டைக் குழம்புக்குத் தாயாதியாகவும் மாறி, நமது பாகசாஸ்திரத்துக்குள் சமாதானமாக அடங்கிவிடுகிறது. உண்மையில், வெங்காயமும் பூண்டும் தீண்டாத மயிலாப்பூர் வைதிகர் ஒருவருக்குச் சீனாவில் உறவுமுறை கொண்டாடத் தகுந்த சமையல் ஒன்று உண்டு. அது பௌத்த மடாலயங்களின் சமையல்; புலாலோடு வெங்காயம், பூண்டு முதலியவற்றையும் விலக்கி, சோயாவையும் காளானையும் கொண்டே விருந்து படைப்பது. ஆனால் அந்த மார்க்கம் இங்கே வரவில்லை. மடாலயத்துத் துறவி கப்பலேறி வந்து கடை வைக்கவில்லை. தோல் பதனிட்டவர்தாம் வைத்தார்.

இனி, நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்க்கலாம். லண்டனில் 1810ஆம் ஆண்டிலேயே தீன் மஹமது என்பவர் இந்துஸ்தானி காபி ஹௌஸ் ஒன்றைத் திறந்து, இரண்டே வருஷத்தில் திவாலானார். 1926இல் எட்வர்ட் பால்மர் ரீஜெண்ட் தெருவில் தொடங்கிய வீராசாமி, இந்தியாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற துரைமார்களின் ஏக்கத்தை நம்பி வளர்ந்தது. ஆனால் அந்நாட்டின் சிற்றூர்களில்கூட இன்று காணப்படும் கறிக் கடைகள் இவர்கள் வழியில் வந்தவையல்ல. கப்பல்களில் கரி தள்ளிய சில்ஹெட் ஜில்லாக்காரர்களும் அவர்களுடைய பந்துக்களும், அதாவது இன்றைய பங்களாதேசத்தைச் சேர்ந்தவர்கள், இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப் பின் பல்கிப் பெருகச் செய்தவை. அக்கடைகளின் விலைப்பட்டியலில் 'மெட்ராஸ்' என்றொரு கறி உண்டு. நம் ஊரில் எந்த வீட்டிலும் எந்த ஹோட்டலிலும் சமைக்கப்படாத அப்பதார்த்தத்தின் லட்சணம், குர்மாவைக் காட்டிலும் காரம் மிகுந்தும் விண்டாலுவைக் காட்டிலும் காரம் குறைந்தும் இருப்பது ஒன்றே. அங்கே வெங்காயத்தை வேகவைத்து அரைத்த பொதுக் குழம்பு ஒன்றைப் பெரிய அண்டாவில் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்தபின் அதில் ஒரு கரண்டி எடுத்து, பாலாடை சேர்த்தால் குர்மா, மிளகாய்ப் பொடி சேர்த்தால் மெட்ராஸ், இன்னும் சேர்த்தால் விண்டாலு என்று சில நிமிஷங்களில் இறக்கிவிடுகிறார்கள். 2001ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி ராபின் குக், கோழி டிக்கா மசாலாவைத் தமது தேசத்தின் தேசிய உணவாகவே புகழ்ந்து பேசினார்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். சிரிக்கிற நாம், ஆழ்வார்பேட்டைச் சந்துகளில் விளக்கு வைத்த பின் பற்றவைக்கப்படும் ஃபாஸ்ட் ஃபுட் கடையின் முன்னே சற்று நின்று பார்ப்பது உசிதம். வேகவைத்து எண்ணெய் தடவிய நூடுல்ஸ், வடித்து ஆறவைத்த சாதம், மெல்லியதாக அரிந்த கோஸும் காரட்டும் பீன்ஸும், சிவப்பு சாஸ், பச்சை சாஸ், சோயா சாஸ், வெள்ளை மிளகுத் தூள் எல்லாம் வரிசையாக முன்னமே வைக்கப்பட்டிருக்க, ஓர் இளைஞர் இரைச்சலிடும் அடுப்பின் மேல் கடாயைக் குலுக்கி, சிவப்பு சாஸ் கூடினால் ஷெஸ்வான் என்றும் கூடாவிட்டால் வெறும் ஃப்ரைடு ரைஸ் என்றும் தட்டில் தட்டுகிறார். சில்ஹெட்காரரின் அண்டாவும் இவருடைய கடாயும் ஒரே தர்மத்தில் நடப்பவை. குறைந்த முதல், குறைந்த இடம், ஒற்றைச் சமையற்காரர், பசியோடு நிற்கும் வாடிக்கைக்காரர் என்னும் நான்கும் கூடிய இடத்தில் வேறு விதமாகச் சமைக்க இயலாது.

சில தேசங்களில் சட்டமே சமையற்காரனை உண்டாக்கியிருக்கிறது. அமெரிக்கா 1882இல் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்து, வியாபாரிகளுக்கு மட்டும் விலக்களித்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் ஹோட்டல் முதலாளியும் வியாபாரிதான் என்று ஆனவுடன், சலவைக் கடையில் காலந்தள்ளியிருக்க வேண்டிய பலர் ஹோட்டல் முதலாளிகளாகி, சீனாவில் உள்ளவர்கள் திகைக்கும்படியான சாப் சூயியை அமெரிக்கருக்குப் பரிமாறினார்கள். பெரு தேசத்தில் 1849 முதல் கூலிகளாகப் போன சீனரின் வழித்தோன்றல்கள் நடத்தும் கடைகளுக்கு அங்கே சீஃபா என்று பெயர். லிமா நகரத்தார் அதை அந்நிய உணவாக எண்ணுவதே இல்லை.

நம்மவர் விஷயத்துக்கு வருவோம். சீனமும் தமிழகமும் நேருக்கு நேர் கைகலந்த இடம் மலேயா. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் சீனரின் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்து விற்ற மீ கோரேங், அங்கே இந்திய உணவாகவே கருதப்படுகிறது. அவர்களுடைய சொந்தத் தமிழ்நாட்டு ஊர்களிலோ அதன் வாசனையைக்கூடக் காண முடியாது. 1949இல் சிங்கப்பூரில் கேரளத்தவரான கோமஸ் என்பவர், மீன் தலையை விசேஷமாக மதிக்கும் சீன வாடிக்கைக்காரர்களை உத்தேசித்து, தென்னிந்தியக் குழம்பில் பெரிய மீன் தலையை வேகவைத்துப் பரிமாறினார் என்பர். இதற்கு நேர் எதிர்த் திசையில் பிரயாணம் செய்தது, நம் பாரிமுனைக் கடற்கரை ஓரத்து அத்தோ. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, பின்னர்க் கடைகண்ணிகளையெல்லாம் தேசியமயமாக்கியபோது, தலைமுறை தலைமுறையாகப் பர்மாவில் வாழ்ந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறி வந்தார்கள். அவர்கள் கொண்டுவர முடிந்த ஆஸ்தி கைப்பக்குவம் ஒன்றே. நூடுல்ஸில் கோஸும் பொரித்த வெங்காயமும் புளிக்கரைசலும் மிளகாய்த் தூளும் போட்டுக் கையாலேயே பிசைந்து, நொறுங்கும் பேஜோவை மேலே உதிர்த்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுக்கும் அந்த உணவை, என் அபிப்பிராயத்தில், பேட்டையின் எந்தக் குளிர்சாதனச் சீன ஹோட்டலின் நூடுல்ஸுக்கும் மேலாகச் சொல்லலாம். அதை வந்தேறி உணவு என்பதா, ஊர் திரும்பிய உணவு என்பதா? சாப்பிடுகிறவர்கள் அந்த விசாரணையில் இறங்குவதில்லை.

இவ்வளவும் சொன்னதால், தட்டில் வைத்த எதையும் மறுபேச்சின்றி விழுங்க வேண்டுமென்று நான் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. 2024ஆம் ஆண்டில் கர்நாடக அரசாங்கம் கோபி மஞ்சூரியனில் செயற்கைச் சாயம் சேர்ப்பதைத் தடுத்தது. கோவாவில் மாபுசா நகராட்சி கடைத்தெருக்களில் அப்பதார்த்தத்தையே விலக்கியது. நம் அரசாங்கமும் அவ்வருஷம், துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அகப்பட்டதன் பேரில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. வாடிக்கைக்காரர் குரல் உயர்த்த வேண்டிய இடம் இதுவே. இந்தச் சிவப்பு மிளகாயினால் வந்ததா, டப்பாவிலிருந்து வந்ததா என்று கேட்பவர் சமூகத்துக்கு உபகாரம் செய்கிறார். இது பெய்ஜிங்கில் கிடைக்குமா என்று கேட்பவர் தம் பிரயாண விவரத்தைத்தான் நமக்குத் தெரிவிக்கிறார்.

அசல் வேண்டும் என்னும் இந்த ஆசைக்கு ஓர் அவலட்சணமான பக்கமும் உண்டு. பெரிய சீன ஹோட்டல்கள் பலவற்றில் மிசோரம், மணிப்பூர், டார்ஜிலிங், நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து வந்த வாலிபர்களையே மேஜைப் பக்கம் நிறுத்துகிறார்கள். அவர்களுடைய முகச்சாயல் சாப்பிட வருகிறவருக்கு ஒரு சீனப் பிரமையை உண்டாக்கும் என்பது முதலாளிகளின் கணக்கு. சம்பளத்துக்காக வந்த பிள்ளைகள் இந்த வேஷத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். ஆனால் மெய்யாகவே சீன வம்சத்தில் தோன்றி, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாம் செய்ததோ வேறு. 1962ஆம் ஆண்டு இந்திய-சீன யுத்தத்தின்போது, அஸ்ஸாமிலிருந்தும் டார்ஜிலிங் முதலிய இடங்களிலிருந்தும் மூவாயிரம் பேர் அளவில், கிழவர், குழந்தைகள் என்ற வித்தியாசமின்றி ரெயிலேற்றப்பட்டு, ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சிலர் அங்கே வருஷக்கணக்காகக் கிடந்தார்கள். இதுவரையில் அதற்காக எந்தச் சர்க்காரும் வருத்தம் தெரிவித்ததாக இல்லை.

விடுதலையான பின்னும் ஊரில் நிம்மதி காணாமல், அவர்களிலும் கல்கத்தாச் சீனர்களிலும் பலர் கனடாவுக்குப் போய் டொராண்டோ நகரத்தில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் ஹக்கா என்னும் பெயரில் கடைகள் வைத்து, தாங்ராவில் பழகிய சில்லி சிக்கனையும் மஞ்சூரியனையும் சமைக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போனவர்களே அக்கடைகளுக்கு முக்கியமான வாடிக்கைக்காரர்கள். ஆழ்வார்பேட்டையிலிருந்து அவ்வூருக்குப் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளும் விடுமுறை நாட்களில் அங்கே சென்று ஃப்ரைடு ரைஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அசல் சைனீஸ் இதுவல்ல, நம் ஊர்க் கடைதான் என்று வீட்டாரிடம் டெலிபோனில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.