டிஸ்க் கழறுமா?

பங்சாரில் இருக்கும் என் அத்தை ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிமார்களைத் தேடிப்போய் அவர் பதிவு செய்த தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு பத்து வருடப் பழைய லேப்டாப்பில் கிடந்தன. வேறு பிரதி இல்லை. அது திறக்கவே கால் மணி நேரம் ஆகிறதென்று கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. "ஆண்ட்டி, இது பழசு. செலவு பண்றது வேஸ்ட். புதுசு எடுத்துக்குங்க," என்றாராம். மூவாயிரம் வெள்ளி.

"நீ எஞ்சினியர்தானேடா, என்னன்னு பாரு," என்றார் அத்தை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கணினி படித்தும், ஒரு லேப்டாப்பின் அடிமூடியை நான் அதுவரை கழற்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

மொத்தம் பத்து ஸ்குரு. லோ யாட்டில் வாங்கிய 500 ஜிபி எஸ்.எஸ்.டி. 160 வெள்ளி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை யூ.எஸ்.பி. கேபிள் வழியாக முதலில் அப்படியே படியெடுத்தேன். பிறகு மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பழையதை உருவிப் புதியதைச் செருகினேன். படியெடுக்க மூன்று மணி நேரம், மாற்ற இருபது நிமிடம். இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. சுழலும் தட்டு ஒன்றுதான் தேய்ந்திருந்தது.

கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அவர் சொன்ன பொய் அடுத்த லேப்டாப்பில் உண்மையாகிவிடும். என் கோபம் அதுதான். 2012இல் வந்த சாதாரண மேக்புக் ப்ரோவில் 2.5 அங்குல டிஸ்க்கை நாமே கழற்றி மாற்றலாம். 2016இல் டச் பாருடன் வந்ததில் சேமிப்புச் சில்லுகளை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். மெலிந்த விண்டோஸ் லேப்டாப்புகள் சிலவற்றிலும் இதே கதைதான். கழறும் டிஸ்க் என்றால், லேப்டாப் செத்தாலும் அதை எடுத்து வேறொரு கணினியில் செருகிப் படிக்கலாம். பற்றவைத்தால் போர்டோடு பாட்டியின் குரலும் போகும்.

மெலிதாக்க வேண்டாமா என்பார்கள். கழற்றி மாட்டும் எம்.2 எஸ்.எஸ்.டி.யின் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். சூயிங் கம் துண்டு மாதிரி. அதற்கா இடமில்லை? கிளௌடில் போடுங்கள் என்பார்கள். போடலாம், நல்லதுதான். ஆனால் மாத வாடகை நின்றால்?

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37ஆம் பிரிவில், பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. அடுத்த வரியிலேயே, அவை கிடைக்காது என்று விற்கும்போதே சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு இல்லை என்றும் சொல்கிறது. அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி நம்மில் யார் கேட்டோம்?

நாம் தோட்டங்கள் அழிந்ததைப் பற்றி எழுதுகிறோம், வரலாறு தொலைந்தது என்று மேடையில் வருந்துகிறோம். எழுதிய கோப்பு எதில் கிடக்கிறது, அதை வெளியே எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்பதில்லை. ஸ்குரு டிரைவர் பிடிப்பது இலக்கியவாதியின் வேலை இல்லை என்று யார் நமக்குச் சொன்னது?

அடுத்த முறை லேப்டாப் வாங்கும்போது நிறத்தையும் எடையையும் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "டிஸ்க் கழறுமா?" கழறாது என்றாலோ தெரியாது என்றாலோ, அடுத்த கடைக்குப் போங்கள்.