பழுதுக் குறியீடும் பழுதின் காரணமும்

காரின் இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் வேகம் தயங்கியே ஏறும் நிலைக்கு, பணிமனைகளிலும் கார் உரிமையாளர்களிடையேயும் ஒரே தீர்வு இன்று சொல்லப்படுகிறது. ஸ்கேனரைப் பொருத்தினால் பழுதுக் குறியீடு தெரியும். அது சுட்டும் பாகத்தை மாற்றினால் இழுவை திரும்பும். குறியீடு எதுவும் இல்லையெனில் எஞ்சினில் பழுதே இல்லை என்று கருதப்படுகிறது. இக்கருத்து வேரூன்றியதற்கு நியாயமான காரணம் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் காதாலும் கையாலும் மட்டுமே அறிந்தவற்றுள் பலவற்றை எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி இப்போது இடைவிடாமல் அளந்து பதிவுசெய்கிறது. அப்பதிவைப் படிக்க ஸ்கேனர் இன்றியமையாதது. ஆயினும் ஸ்கேனர் சொல்லாத முடிவுகளை அதன் பெயரால் ஏற்பது, பழுதில்லாத பாகங்களுக்குப் பணம் செலவாவதற்கும் உண்மைப் பழுது வண்டியிலேயே தங்கிவிடுவதற்கும் வழிசெய்கிறது. ஆகவே அக்கருத்தின் கூற்றுகளைத் தனித்தனியே ஆராய்வது தேவையாகிறது.

முதல் கூற்று, குறியீடு கெட்ட பாகத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது என்பது. பெட்ரோல் கார்களில் அடிக்கடி தோன்றும் பி0171 என்ற குறியீட்டைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இந்த விகிதம் காக்கப்படுகிறதா என்பதை, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை உணரும் ஆக்சிஜன் சென்சாரின் வழியே கணினி அறிந்து, தெளிக்கும் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ ஈடுசெய்கிறது. ஃபியூயல் ட்ரிம் எனப்படும் இந்தத் திருத்தம், எரிபொருளைக் கூட்டிக் கூட்டி வரம்பைத் தாண்டும்போதுதான் பி0171 பதிவாகிறது. கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது என்பதே அதன் முழுப் பொருள். எந்தப் பாகத்தையும் அது சுட்டவில்லை. இன்டேக் மேனிஃபோல்டுடன் இணைந்த ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலும், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்து அது குறைத்துக் காட்டினாலும், பெட்ரோல் பம்ப் போதிய அழுத்தம் தராவிட்டாலும், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் இதே குறியீடு வரும். இந்நிலையில் முதலில் மாற்றப்படுவது பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சாராகவே இருப்பதும், மாற்றிய பின்னும் வண்டி இழுக்காததும் வியப்புக்குரியவை அல்ல. ஏனெனில் அந்தச் சென்சார் கண்டதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது.

டர்போ பொருத்திய டீசல் கார்களில் இதே தவற்றின் விலை இன்னும் பெரிது. டர்போவிலிருந்து எதிர்பார்த்த காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்று மட்டுமே கூறும் பி0299 குறியீட்டைக் கண்டவுடன் டர்போவையே மாற்றச் சொல்வது வழக்கமாகிவிட்டது. டர்போ நல்ல நிலையில் இருக்க, சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ஹோஸ் கிழிந்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ, டர்போவின் தகடுகளை அசைக்கும் வேக்குவம் குழாயில் ஓட்டை விழுந்திருந்தாலோ அதே குறியீடு எழும். கிழிந்த ஹோஸின் விலையை டர்போவின் விலையோடு ஒப்பிட்டால், சோதனையின்றி எடுக்கப்படும் முடிவு உரிமையாளருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும்.

இரண்டாவது கூற்று, குறியீடு இல்லையெனில் பழுதும் இல்லை என்பது. குறியீடுகளைப் பதிவுசெய்யும் கணினியின் சுயசோதனை அமைப்பு பிறந்த வரலாறே இக்கூற்றை மறுக்கிறது. காற்று மாசைக் கட்டுப்படுத்தும் நோக்கில் கலிஃபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்கள் முதல் இதைக் கட்டாயமாக்கியது. அதன் விரிந்த வடிவம் அமெரிக்கா முழுவதும் 1996 மாடல் கார்கள் முதல் கட்டாயமானது. புகையைக் கெடுக்கும் பழுதுகளைக் கண்டறிவதே அதன் முதன்மைப் பணி. வண்டி எவ்வளவு இழுக்கிறது என்பதை அது அளப்பதில்லை. கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறாது. பிரேக் விடுபடாமல் சக்கரத்தைப் பிடித்திருந்தால் எஞ்சின் தரும் ஆற்றல் வெப்பமாகவே வீணாகும். இவ்விரண்டிலும் கணினியைப் பொறுத்தவரை எல்லாம் சீராகவே இருக்கும். புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொண்டால், புகை வெளியேற வழியின்றிப் புதுக் காற்று உள்ளே வருவதும் தடைப்பட்டு இழுவை பெரிதும் குறையும். ஆனால் கன்வெர்ட்டருக்கான குறியீடு அதன் வேதிச் செயல்திறனை மட்டுமே மதிப்பிடுகிறது. அதன் வழியே புகை தடையின்றிப் பாய்கிறதா என்பதை அது ஆராய்வதில்லை. மேலும் பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் காணப்பட்ட பிறகே எச்சரிக்கை விளக்கு எரியும். எனவே விளக்கு எரியாத வண்டியைப் பழுதற்றது என்று தீர்ப்பது, தேடாத இடத்தில் எதுவும் இல்லை என்று சொல்வதாகும்.

மூன்றாவது கூற்று, குறியீடுகள் பல தோன்றினால் கெட்ட பாகங்களும் பல என்பது. பல சென்சார்களுக்குக் கணினி ஒரே 5 வோல்ட் மின்வழியிலிருந்து மின்சாரம் தருகிறது. அவற்றுள் ஒன்றிலோ அதன் வயரிலோ ஷார்ட் ஏற்பட்டால், அவ்வழியில் உள்ள பிற சென்சார்களும் தவறான அளவைக் காட்டிக் குறியீடுகள் வரிசையாக விழும். பேட்டரியின் எர்த் இணைப்பு துருப்பிடித்தாலும் இதே விளைவு நேரும். ஒரு பழுது மற்றொன்றின் வேடத்தில் வருவதும் உண்டு. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ கெட்டு ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால், எரிவதற்குப் பயன்படாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறுவதால், எரிபொருள் போதுமான அளவு தெளிக்கப்பட்டிருந்தும் அது குறைந்ததாகவே சென்சார் காட்டும்.

நான்காவது கூற்று, பாகத்தை மாற்றிக் குறியீட்டை அழித்தபின் விளக்கு அணைந்தால் பழுது தீர்ந்தது என்பது. குறியீட்டை அழிக்கும்போது, பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகமும் சுமையும் வெப்பமும் எவ்வளவு இருந்தன என்ற குறிப்பும், கணினியின் சுயசோதனைகள் முடிந்ததற்கான பதிவுகளும் அழிந்துவிடுகின்றன. அச்சோதனைகள் மீண்டும் நிறைவுறச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம் என்பதால், அதுவரை விளக்கு எரியாதிருப்பது எதையும் நிறுவுவதில்லை. மாறாக, காரணத்தைக் காட்டவல்ல சான்று தொலைந்துபோகிறது.

இவற்றுக்கு எதிராக, ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கப் பணிமனையில் நேரமில்லை என்று வாதிடப்படுவதுண்டு. உண்மையில் தேவையான சோதனைகளுள் பல சில நிமிடங்களில் முடிபவை. ஃபியூயல் ட்ரிம் ஐடிலிங்கில் மிகுந்தும், சுற்று நிமிடத்துக்கு 2,500 ஆகும்போது இயல்புக்குத் திரும்பியும் காணப்பட்டால் ஹோஸ் கசிவையே முதலில் தேட வேண்டும்; ஏனெனில் உள்ளே வரும் மொத்தக் காற்று குறைவாக இருக்கும்போதுதான் கசிவின் பங்கு பெரிதாகிறது. சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால், எரிபொருள் அழுத்தத்தையும் காற்றளவு சென்சாரையும் சோதிக்க வேண்டும். கடல்மட்டத்தில் நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவு வேக்குவம் காட்டும். 2,500 சுற்றில் நிறுத்திவைக்கும்போது அது படிப்படியாகச் சரிந்தால் புகைவழி அடைப்பை ஐயுறலாம். காற்றும் எரிபொருளும் தீப்பொறியும் சரியாக இருந்தும் இழுவை குறைந்தால், சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் டைமிங் செயினையும் பார்ப்பது அடுத்த படி. வேண்டாத பாகத்தைக் கழற்றி மாட்டும் நேரத்தைவிட இவற்றுக்கு ஆகும் நேரம் குறைவே.

ஸ்கேனர் காட்டும் குறியீட்டிலிருந்து விசாரணை தொடங்க வேண்டும். அளவீடு உறுதிசெய்த பிறகே பாகம் மாற்றப்பட வேண்டும். ஒரு பாகத்தை மாற்றுமுன் அது கெட்டது என்பதை எந்த அளவீடு காட்டியது என்று கேட்பது உரிமையாளரின் உரிமை. அக்கேள்விக்கு விடை சொல்லும் வகையில் வேலை செய்வதே மெக்கானிக்கின் தொழிலுக்கு மதிப்புச் சேர்ப்பது.